என் ஒரு மணி நேரம் உங்கள் கணக்கில் எத்தனை சென்?

உங்கள் கைப்பேசி விளையாட்டில் காயின் கணக்கு போடும் குழுவினருக்கு,

வணக்கம். ஹீரோக்களை வரைகிறவர்கள் பேட்டி கொடுக்கிறார்கள், குரல் கொடுத்தவர்கள் நேரலையில் வந்து சிரிக்கிறார்கள், இசை போட்டவர்கூட ஒரு முறை வந்து பியானோ வாசித்துக் காட்டினார். ஒரு ஆட்டம் ஜெயித்தால் 42 காயின், தோற்றால் 18 என்று முடிவு செய்கிறவர் மட்டும் இதுவரை எங்கேயும் முகம் காட்டியதில்லை. எனக்குப் பேச வேண்டியது அவரிடம்தான். அவர் தனி ஆளா, பத்துப் பேர் கொண்ட குழுவா, அதுவும் தெரியாது, அதனால் பொதுவில் எழுதுகிறேன். விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளையாடுகிறவர்களுக்கு எண்களைப் பார்த்தாலே புரிந்துவிடும், விளையாடாதவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

நான் மலேசியாவில் பினாங்குக்காரி. ஆனால் தீவில் இல்லை, இந்தக் கரையில் பிறையில் வீடு. வேலை அந்தக் கரையில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், 12 மணி நேர ஷிப்ட். விடியற்காலை 5:30-க்குக் கம்பெனி பஸ் வரும். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம், 1985-இல் திறந்தார்கள், அதுவரை எல்லாரும் ஃபெர்ரிதான் என்று அம்மா இன்னமும் கதை சொல்வார். எங்கள் பஸ்ஸில் யாரும் பாலத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. அது இரண்டு ஆட்டம் நீளம். மழை பெய்தால் மூன்று. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு, ஆக மொத்தம் ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம், ஒரு மணி நேரம். இதுதான் எனக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவீர்கள். காயின் சேர்த்து, பூட்டியிருக்கும் ஹீரோவைத் திறப்பது எனக்குப் பிடிக்கும். எல்லா ஹீரோவையும் முதல் நாளே திறந்து வைத்திருந்தால் நானே ஒரு மாதத்தில் விளையாட்டை அழித்துவிட்டுப் போயிருப்பேன். என் முதல் ஹீரோவைத் திறந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரவு ஏழரை, நல்ல மழை, பாலத்தின் நடுவில் ஏதோ ஒரு லோரி பழுதாகி நிற்கிறது, பஸ் நகரவில்லை. 60 காயின் குறைவாக இருந்தது. இரண்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்தேன். திறக்கும்போது பூட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறீர்களே, அது பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்து இருக்கை மலாய்க்கார அக்கா என் தோளில் தட்டி 'அக்ஹிர்ன்யா!' (ஒரு வழியாக!) என்றார். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த நேப்பாளத் தம்பி எழுந்து யாருக்கு என்னாயிற்று என்று பார்த்தான். அந்த ஹீரோவை நான் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்த மழையும் ஞாபகம் இருக்காது, அந்தச் சத்தமும் ஞாபகம் இருக்காது. ஆகவே, எல்லாவற்றையும் இலவசமாகக் கொடு என்று கேட்க நான் வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

புது ஹீரோவின் விலை 24,000 காயின். ஜெயித்தால் 42, தோற்றால் 18. நான் பாதி ஜெயித்துப் பாதி தோற்கிற ஆள், ஆகவே சராசரி 30. நான்கு ஆட்டத்துக்கு 120, தினப் பணிகளை முடித்தால் இன்னும் 100. ஒரு நாளைக்கு 220. அப்படியானால் ஒரு ஹீரோவுக்கு 109 நாள், 109 மணி நேரம். அதே ஹீரோவைக் காசு கொடுத்துத் திறக்க 480 ரத்தினம் வேண்டும், அதற்கு 520 ரத்தினப் பொட்டலத்தை வாங்க வேண்டும், விலை 32 வெள்ளி (ரிங்கிட்) 90 சென். இதை 109-ஆல் வகுத்துப் பாருங்கள். 30 சென். என்னுடைய ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் போட்டிருந்த மதிப்பு 30 சென்.

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி சொச்சம். ஓவர்டைம் என்றால் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளிக்கு மேல். அதாவது மூன்று மணி நேரம் கூடுதலாக நின்று வேலை செய்தால் ஹீரோ கைக்கு வந்துவிடும், உட்கார்ந்து விளையாடினால் 109 மணி நேரம். இதை நான் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுப் பக்கத்து அக்காவிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அப்படியானால் நாம் எதற்கு லா விளையாடுகிறோம் என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கே கொஞ்சம் நேரம் ஆனது.

விளையாட்டுக்கு யாராவது கூலி கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆசைக்கு விளையாடுகிற ஆட்டத்துக்கு நான் கூலி கேட்கவில்லை. ஆனால் உங்கள் தினப் பணிகளில் பாதி ஆசைக்கு விளையாடுவதல்ல. எனக்குப் பிடிக்காத ஹீரோவை எடுத்து மூன்று ஆட்டம் ஆடு என்பீர்கள், நண்பர் பட்டியலில் ஐந்து பேருக்குப் பரிசு அனுப்பு என்பீர்கள், கடைப் பக்கத்தைத் திறந்து பார் என்பீர்கள் (கடையைத் திறந்து பார்ப்பது ஒரு பணியாம், அதற்கு 10 காயினாம்!). தொழிற்சாலையில் எனக்கு ஒரு நாளைக்கு இத்தனை மின்சுற்றுப் பலகை என்று இலக்கு இருக்கிறது. உங்களுடையதும் இலக்குதான், வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இலக்கு வைத்தால் அதற்கு ஒரு கூலி விகிதம் இருக்க வேண்டும், அந்த விகிதம் பாதி வழியில் மாறக்கூடாது.

மாற்றினீர்கள். இந்த மடலுக்குக் காரணமே அதுதான்.

47 நாளுக்கு முன்னால் என் கையில் 17,000 காயின் இருந்தது. இன்னும் 7,000. நாளுக்கு 220 என்றால் 32 நாள். அன்று ஒரு அப்டேட் வந்தது. புது மேடை, புது உடைகள், ஒரு நீளமான குறிப்பு, அதில் எங்கோ 14-ஆவது வரியில் 'மேம்படுத்தப்பட்ட பரிசு முறை' என்று ஒன்று. மேம்பாடு என்னவென்றால், ஜெயித்தால் 30, தோற்றால் 10, தினப் பணிக்கு 60. விலை அதே 24,000. என் நாள் வருமானம் 220-லிருந்து 140 ஆனது. மீதியிருந்த 32 நாள் 50 நாளாக நீண்டது. என் மணிக்கூலி 30 சென்னிலிருந்து 19 சென்னுக்கு இறங்கியது. எந்தத் தொழிற்சாலையிலாவது சம்பளத்தைக் குறைத்துவிட்டு அறிவிப்புப் பலகையில் 'மேம்படுத்தப்பட்ட சம்பள முறை' என்று ஒட்டினால் கேண்டீனில் அன்றைக்கு யாரும் பசியாற மாட்டார்கள், பலகைக்கு முன்னால்தான் நிற்பார்கள்.

விலையை ஏற்றியிருந்தால் எல்லாரும் கண்டுபிடித்திருப்பார்கள். வருமானத்தைக் குறைத்தால் பாதிப் பேருக்குத் தெரியாது, என்னவோ இந்த வாரம் காயின் சேரவே மாட்டேன் என்கிறதே என்று தங்கள் ஆட்டத்தைத்தான் நொந்துகொள்வார்கள். என் அக்கா மகன் அப்படித்தான் நினைத்தான். 'நான் இப்போ மோசமா விளையாடுறேனா சித்தி?' என்று கேட்டான். படிவம் 1 படிக்கிற பையன். இல்லையடா, உனக்குச் சம்பளம் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

இது உங்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று சொல்ல மாட்டேன். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வந்தபோது டார்த் வேடர், லூக் ஸ்கைவாக்கர் என்ற இரண்டு முக்கியக் கதாபாத்திரங்களையும் திறக்க ஆளுக்கு 60,000 கிரெடிட் என்று வைத்தார்கள். அது கைப்பேசி விளையாட்டு அல்ல, முழு விலை கொடுத்து வாங்குகிற விளையாட்டு. ஒரு விளையாட்டாளர் என்னைப் போல உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு ஆளைத் திறக்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும் என்று எழுதினார். நிறுவனம் கொடுத்த விளக்கம் ரெட்டிட் இணைய மன்றத்தில் அதுவரை எந்தக் கருத்தும் வாங்காத அளவு எதிர்வாக்கு வாங்கியது. உடனே விலையை முக்கால் பங்கு குறைத்து 15,000 ஆக்கினார்கள். இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு: கதைப் பகுதியை முடித்தால் கிடைத்துவந்த 20,000 கிரெடிட்டையும் அதே கையோடு 5,000 ஆகக் குறைத்தார்கள். வலக்கையால் கொடுத்து இடக்கையால் பிடுங்குவது என்று எங்கள் பாட்டி சொல்வார். அந்தக் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது, விலையைப் பார்க்கிற இடத்தில் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது.

குலுக்கல் விஷயத்தில் உலகம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத எதிர்பாராப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளில் என்ன கிடைக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி போட்டது. சீனாவில் அதே ஆண்டு மே மாதத்திலிருந்தே அது கட்டாயம். அதனால்தான் கென்ஷின் இம்பாக்ட் மாதிரி விளையாட்டில் 5 நட்சத்திரக் கதாபாத்திரம் வர 0.6 விழுக்காடு, 90 இழுப்புக்குள் (ஒரு முறை குலுக்குவதுதான் ஒரு இழுப்பு) 5 நட்சத்திரம் ஒன்றாவது உறுதி என்று எவரும் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. அங்கே ஒரு இழுப்புக்கு 160 பிரிமோஜெம் (அங்குள்ள ரத்தினம்), தினப் பணிகளை முடித்தால் 60. அதிர்ஷ்டம் கொடுமையாக இருக்கலாம், ஆனால் 2020-இல் வெளிவந்தபோது சொன்ன அந்த எண்களில் அதைத் தயாரித்தவர்கள் கை வைக்கவில்லை. அவர்களும் புனிதர்கள் அல்ல, 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். அதன்படி 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் பெட்டி விற்கக்கூடாது, ஒன்றை மாற்றி ஒன்றாக வாங்க வைக்கும் நாணயங்களின் மாற்று விகிதத்தையும் வெளியில் சொல்ல வேண்டும். பாருங்கள், காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இத்தனை பேர் காவல். நேரத்தைக் கொடுத்துச் சம்பாதிக்கிறவருக்கு யாரும் இல்லை. உங்கள் விளையாட்டிலும் குலுக்கல் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, அழுத்தினால் 0.8 விழுக்காடு என்று காட்டுகிறது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை காயின் என்று காட்டுகிற வட்டம் எங்கே? எனக்கு அந்த 42-உம் 18-உம் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வைத்துக் கண்டுபிடித்த எண்கள்.

ரத்தினத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஹீரோ 480, பொட்டலம் 100, 310, 520. எப்படிக் கூட்டினாலும் 480 வராது. 520 வாங்கினால் 40 மிஞ்சும், உங்கள் கடையில் மிக மலிவான பொருளே 60. என் அக்கா மகன் தீபாவளிக்கு வந்த அங்பாவ் பணத்தில் 50 வெள்ளி எடுத்துப் போட்டான். ஒரு ஹீரோ, மிச்சத்துக்குச் சக்கரம் சுற்றினான், ஏற்கெனவே வைத்திருந்த உடையே மறுபடி வந்து துண்டுகளாக உடைந்தது. கடைசியில் 40 ரத்தினமும் எதற்கும் உதவாத துண்டுகளும் கையில். இந்த மிச்சம் தற்செயல் இல்லை என்று புரிந்துகொள்ள அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கோட்பாடுகளில் இதே விஷயம்தான் இருக்கிறது: விலையை உண்மையான பணத்தில் காட்டு, தேவைக்கு மேல் விளையாட்டு நாணயம் வாங்க வைக்காதே. எங்கள் அரசாங்கத்துக்கு 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு, அந்த வரி மட்டும் வெள்ளியிலும் சென்னிலும் சுத்தமாகக் கணக்கு வருகிறது. ஹீரோவின் விலையையும் அப்படி எழுதினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அப்புறம் அந்த ஏழு நாள் தொடர் வருகைப் பரிசு. உங்கள் நாள் எங்களுக்குக் காலை 8 மணிக்குப் பிறக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் கைப்பேசிகள் லாக்கருக்குள் பூட்டிக் கிடக்கும். சரி, மாலையில் எடுத்துக்கொள்ளலாம், அதில் குறையில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேன். விடியலுக்கு முன்பே கிளம்பி, கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து படி ஏறி, இறங்கி, தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் நின்று, வீட்டுக்கு வரும்போது இரவாகிவிட்டது. படுத்தவள் கண் விழித்துப் பார்த்தால் மறுநாள் காலை 8:20. ஆறாவது நாளில் அறுந்தது தொடர். ஏழாம் நாள் பரிசு போயிற்று, மறுபடி முதல் நாளிலிருந்து. முருகன் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று அம்மா ஆறுதல் சொன்னார். உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு வழி வைக்க முடியாதா, ஒரு மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்பதைப்போல? எங்கள் மேலாளர்கூட அவ்வளவு கல்நெஞ்சர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுக்காத எங்களைச் சுமை என்று நினைக்காதீர்கள். உங்கள் செர்வருக்கும் சம்பளத்துக்கும் எங்கிருந்தோ பணம் வரவேண்டும், தெரியும். ஆனால் மாதம் 300 வெள்ளி போடுகிறவர் 'ஆடு' என்ற பொத்தானை அழுத்தினால் பத்து விநாடியில் எதிரே ஆள் வந்து நிற்கிறதே, அந்த ஆள் நான்தான். பாலத்தின் நடுவில், மழையில், அரைத் தூக்கத்தில் இருக்கிற நான். அவருடைய புது உடையைப் பார்த்து 'வாவ்' என்று போடுவதும் நான்தான். நாங்கள் இல்லாத காலி மைதானத்தில் அவர் யாரிடம் அந்த உடையைக் காட்டுவார்?

நான் கேட்பது ஒரு சம்பளச் சீட்டு. மாதக் கடைசியில் எனக்கு ஒன்று வருகிறது. அடிப்படை இவ்வளவு, ஓவர்டைம் இத்தனை மணி, சேமநிதி இவ்வளவு, சொக்சோ (சமூகப் பாதுகாப்புப் பிடித்தம்) இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு. பிடிக்காத எண்ணாக இருந்தாலும் எண் கண்ணெதிரே இருக்கிறது. உங்கள் விளையாட்டிலும் ஒரு பக்கம் வையுங்கள்: வெற்றிக்கு இவ்வளவு, தோல்விக்கு இவ்வளவு, இந்த வாரம் நீ சேர்த்தது இவ்வளவு, நீ குறி வைத்திருக்கும் ஹீரோவுக்கு இதே வேகத்தில் இத்தனை நாள். விகிதத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள், 14-ஆவது வரியில் இல்லை, முதல் வரியில், குறைக்கிறோம் என்ற சொல்லாலேயே. ஒரு ஹீரோவைக் குறி வைத்துப் பாதி தூரம் வந்துவிட்டவர்களுக்கு அந்த ஹீரோ வரைக்குமாவது பழைய விகிதத்தை விட்டுவையுங்கள். திருவிழாக் காலத்தில் இரட்டைக் காயின் என்று போஸ்டர் போட்டால் அடியில் பொடி எழுத்தில் 'ஒரு நாளைக்கு முதல் இரண்டு ஆட்டத்துக்கு மட்டும்' என்று எழுதாதீர்கள். இங்கே பொது விடுமுறையில் ஓவர்டைம் செய்தால் சட்டப்படி மூன்று மடங்கு, முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

முடியாது என்று சொல்லாதீர்கள். பிரால் ஸ்டார்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டு 2022 டிசம்பரில் தன் குலுக்கல் பெட்டிகளை அடியோடு எடுத்துவிட்டு, எந்தக் கதாபாத்திரத்துக்கு எத்தனை கிரெடிட் என்று வரிசையாகத் தெரிகிற ஒரு பாதையை வைத்தது. அதுவரை அங்கே புது ஆள் கிடைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். பிறகு குலுக்கல் வேறு பெயரில் கொஞ்சம் திரும்பி வந்ததும் உண்மை, இருந்தாலும் அந்த மாற்றத்தால் விளையாட்டு மூடிவிடவில்லை.

காயினுக்குத் தமிழில் நாணயம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு, உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இன்றைய கணக்கு 23,580. இன்னும் 420 வேண்டும், நாளுக்கு 140 என்றால் மூன்று நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அப்டேட் என்று நேற்று அறிவிப்பு வந்தது, என் மூன்றாவது நாளும் அதே செவ்வாய்க்கிழமைதான். குறிப்பைத் தேடிப் பார்த்தேன், பரிசு முறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், உட்கார்ந்து முடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பிறை கம்பெனி பஸ், இடப்பக்கம் நான்காவது இருக்கை